303 மரண தண்டனை, 38 தூக்கு: கருணை மனுக்களை ஆபிரகாம் லிங்கன் எப்படிப் படித்தார்?

ஆபிரகாம் லிங்கன் என்றதும் நம்ம ஊரில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு கடிதம். மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். ஆசிரியர் தினம் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு ரவுண்டு வந்துவிடும். ஒரே பிரச்னை, அப்படியொரு கடிதத்தை லிங்கன் எழுதினார் என்பதற்கு ஆதாரமே கிடையாது. அவருடைய எழுத்துகளைத் தொகுத்த நூல்களில் அது இல்லை.

அவர் நிஜமாகவே எழுதியவை வேறு மாதிரி. ராணுவ நீதிமன்ற ஃபைல்களின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் ஒரு வரி, இரண்டு வரி. இந்த ஆளைச் சுட வேண்டாம், அவனுடைய படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்ற மாதிரியான உத்தரவுகள். கீழே ஏ. லிங்கன் என்று கையெழுத்து, பக்கத்தில் தேதி. ஃபிரேம் போட்டு மாட்டுகிற அளவுக்கு அழகான வாசகம் எதுவும் அவற்றில் இருக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு உயிர் இருந்தது.

தப்பு செய்தவர்களை அந்த லிங்கன் எப்படிப் பார்த்தார்? யாரை மன்னித்தார், யாரை மன்னிக்க மறுத்தார்? அந்த மன்னிப்புக்கு விலை கொடுத்தது யார்? பார்ப்போம்.

குடிக்காதவர் குடிகாரர்களுக்காகப் பேசினார்

பாடப்புத்தகத்தில் வரும் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். 1809 பிப்ரவரி 12-ம் தேதி கென்டக்கியில் ஒரு மரக்கட்டை வீட்டில் பிறந்தார். 9 வயதில் அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. கடை வைத்தார், கடனாளி ஆனார், தபால் அலுவலகம் பார்த்தார், நிலம் அளந்தார். பிறகு தானே புத்தகம் வாங்கிப் படித்து வக்கீல் ஆனார். 1837-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்தார்.

பாடப்புத்தகத்தில் வராத ஒரு பேச்சு இருக்கிறது. 1842 பிப்ரவரி 22. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தில் மதுவிலக்குக் கூட்டம். குடியை விட்டு மீண்டவர்களே சேர்ந்து நடத்திய இயக்கம் அது. லிங்கன் அன்று சிறப்புப் பேச்சாளர். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அதனால் வந்திருந்தவர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. குடிகாரர்களை நாலு சாத்து சாத்துவார் என்றுதான்.

அவர் பேசியது தலைகீழ். குடிகாரனைப் பாவி, சமூக விரோதி என்று மேடையில் நின்று திட்டித் திட்டித்தான் இத்தனை வருடம் இந்தப் பிரசாரம் தோற்றது என்றார். ஒருவனைத் திருத்த வேண்டுமானால் முதலில் அவனுக்கு நண்பனாக வேண்டும், விரட்டினால் அவன் ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் என்பது அவர் வாதம். அதோடு நிறுத்தியிருந்தால் பிரச்னையில்லை. குடிக்காத நாமெல்லாம் தப்பித்தது நம்முடைய ஒழுக்கத்தால் அல்ல, நமக்கு அந்த ஆசை பெரிதாக வராமல் போனதால்தான் என்றும் சொல்லிவிட்டார். தேவாலயத்துக்கு வந்திருந்த சில பெரிய மனிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. வெளியே வரும்போதே முணுமுணுத்தார்கள் என்று லிங்கனின் வக்கீல் தொழில் கூட்டாளி ஹெர்ன்டன் பின்னாளில் எழுதி வைத்தார்.

அடுத்தவன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற இந்தக் கேள்வி லிங்கனை விட்டுப் போகவே இல்லை. கடைசி வரை வரும், கவனியுங்கள்.

அதற்காக அவரை அப்போதே மகான் ஆக்கிவிட வேண்டாம். பிப்ரவரியில் இப்படிப் பேசியவர், அதே வருடம் செப்டம்பரில் கையில் வாளோடு நின்றார்! மாநிலத்தின் கணக்கு அதிகாரி ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். அரசியலில் எதிர்க் கட்சி. கிராமத்துப் பெண் ஒருத்தி எழுதுவது போலப் பொய்ப் பெயரில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஷீல்ட்ஸைக் கிண்டலடித்து லிங்கன் எழுதினார். இந்தக் காலத்து ஃபேக் ஐடி வேலைதான். வரி விவகாரத்தில் ஆரம்பித்த நக்கல், ஆளின் நடை உடை, பெண்கள் முன்னால் அவர் காட்டும் பந்தா வரை போய்விட்டது. எழுதியது யார் என்று தெரிந்ததும் ஷீல்ட்ஸ் சண்டைக்கு அழைத்தார். இல்லினாயில் அந்த மாதிரி ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை சட்டவிரோதம் என்பதால் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி மிசௌரி பக்கத்துத் தீவு ஒன்றுக்குப் போனார்கள். ஆயுதத்தைத் தேர்வு செய்யும் உரிமை லிங்கனுக்கு. 6 அடி 4 அங்குல உயரம், நீண்ட கை. குதிரைப்படை வாளைத் தேர்ந்தெடுத்தார். நண்பர்கள் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணியதால் ரத்தம் சிந்தவில்லை.

பிற்காலத்தில் யாராவது இதைக் கிளறினால் லிங்கன் பேச்சை மாற்றிவிடுவாராம். அவமானம்தான். 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அதே ஷீல்ட்ஸைத் தன் ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஆக்கினார்.

இதே வரிசையில் இன்னொருவர் எட்வின் ஸ்டான்டன். 1855-ல் அறுவடை இயந்திரக் காப்புரிமை வழக்கு ஒன்றில் லிங்கனையும் வக்கீலாக வைத்திருந்தார்கள். வழக்கு சின்சினாட்டிக்கு மாறியதும் பெரிய வக்கீலான ஸ்டான்டன் உள்ளே வந்தார். இந்தப் பட்டிக்காட்டு வக்கீலை மேசையில் உட்காரக்கூட விடவில்லை. லிங்கன் மெனக்கெட்டுத் தயாரித்த குறிப்புகளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 7 வருடம் கழித்து, 1862 ஜனவரியில், அதிபர் லிங்கனுக்குப் போர்த்துறைச் செயலாளர் தேவைப்பட்டார். கூப்பிட்டது ஸ்டான்டனை. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டால் லிங்கனுக்குக் கோபமே வராதோ என்று தோன்றும். வரும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் 3 நாள் சண்டையில் தெற்குப் படை தோற்றது. ஆனால் வடக்கின் ஜெனரல் மீட் துரத்திப் பிடிக்காததால் எதிரித் தளபதி லீ ஆற்றைக் கடந்து தப்பிவிட்டார். கையில் கிடைத்த வெற்றி நழுவிப் போச்சு, இனி போர் இழுத்துக்கொண்டே போகும் என்று லிங்கன் கொதித்துப் போனார். மீடுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். எழுதி முடித்து, உறையில் போட்டு, அனுப்பவில்லை, கையெழுத்தும் போடவில்லை என்று மேலே குறித்து வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு அது காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. 3 நாள் பிணங்களுக்கு நடுவில் நின்றவனிடம், வாஷிங்டன் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது சரியா என்று அவர் யோசித்திருக்கலாம். இது என் ஊகம்.

கால் கேஸ் என்றால் என்ன?

இப்போது அந்த ஃபைல்களுக்கு வருவோம்.

நம் நாட்டில் கருணை மனு குடியரசுத் தலைவருக்குப் போகிற மாதிரி, அமெரிக்காவிலும் மன்னிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் அதிபருக்குக் கொடுத்திருக்கிறது. சாதாரண காலத்தில் இது எப்போதாவது வரும் வேலை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மலை போலக் குவிந்தது. வடக்குப் படையிலிருந்து ஓடிப்போன சம்பவங்கள் மட்டும் சுமார் 2 லட்சம். காவல் பணியில் தூங்கியவர்கள், அதிகாரியை அடித்தவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் தனி. ராணுவச் சட்டப்படி பல குற்றங்களுக்குச் சுட்டுக்கொல்வதுதான் தண்டனை.

ஜெனரல்கள் சொன்ன வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஓடுகிறவனைச் சுடாவிட்டால் நிற்கிறவனும் ஓடுவான். தூங்கிய காவலாளியை விட்டால் ஒருநாள் முழு முகாமும் கழுத்தறுபட்டுச் சாகும். ஒருவனுக்குக் காட்டும் இரக்கம் நூறு பேருக்குச் செய்யும் துரோகம். போர் நடத்துகிறவர்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை, தினசரிக் கணக்கு.

ஆரம்பத்திலேயே வந்தது வில்லியம் ஸ்காட் விவகாரம். வெர்மான்ட் மாநிலத்துப் பையன். 1861-ல் காவல் பணியில் தூங்கிவிட்டான். மரண தண்டனை. தலைநகரில் பேச்சாகிப் போய், அதிபரின் விருப்பத்தைக் குறிப்பிட்டு ஜெனரல் மெக்லெல்லன் பெயரில் மன்னிப்பு உத்தரவு வந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் வர்ஜீனியாவில் நடந்த சண்டையில் ஸ்காட் இறந்தான். பின்னாளில் இதற்கு நிறைய மசாலா தடவினார்கள். லிங்கனே வண்டியில் விரைந்து கடைசி நிமிடத்தில் நிறுத்தியதாகவெல்லாம் கதை உண்டு. அதை விட்டுவிடலாம்.

உண்மையான காட்சி இவ்வளவு விறுவிறுப்பாக இருக்காது. 1863 ஜூலை, வாஷிங்டனின் புழுக்கம். ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஜோசஃப் ஹோல்ட் ஒரு கட்டு ஃபைலோடு வருகிறார். பக்கத்தில் செயலாளர் ஜான் ஹே. மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே நாளில் 6 மணி நேரம் ஃபைல் பார்த்ததை ஹே தன் டைரியில் எழுதியிருக்கிறார். ஒரு சிப்பாயின் உயிரைக் காப்பாற்ற ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதா என்று அதிபர் தேடிய ஆர்வம் அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். சின்ன வயது. வீட்டில் விதவைத் தாய். இதற்கு முன் நன்றாகச் சண்டை போட்டவன். சாட்சி குழப்பமாக இருக்கிறது. எதுவானாலும் போதும்.

பயந்து ஓடியவர்கள் விஷயத்தில் லிங்கன் ரொம்பவே இளகினார். அந்த ஃபைல்களைக் கால் கேஸ் என்று அழைப்பார். கோழைக் கால்களைக் கடவுள் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டால், அது அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவன் என்ன செய்வான் என்பது அவருடைய நியாயம். துப்பாக்கி முன்னால் நின்றால் என் கால் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது என்ற அர்த்தத்தில் பேசுவார். 1842-ல் குடிகாரர்களைப் பற்றிச் சொன்ன அதே கணக்கு.

ஆனால் ஹே இன்னொன்றையும் குறித்திருக்கிறார். கயமையும் கொடூரமும் தெரிந்த கேஸ்களில் அதிபர் இரங்கவில்லை. பலவீனத்தில் தவறியவன் ஒரு ரகம், நிதானமாக அடுத்தவனை வதைத்தவன் வேறு ரகம். இரண்டையும் பிரிக்க ஃபைலைப் படித்தால்தான் முடியும். அதனால்தான் படித்துக்கொண்டே இருந்தார்.

தனித்தனியாகப் பார்த்துச் சமாளிக்க முடியாதபோது மொத்தமாகவும் மன்னித்தார். 1863 மார்ச்சில் ஒரு பிரகடனம்: ஏப்ரல் 1-க்குள் திரும்பி வருகிறவர்களுக்கு, வராத நாட்களின் சம்பளம் போவதைத் தவிர வேறு தண்டனை இல்லை. 1864 பிப்ரவரியில் இன்னொரு உத்தரவு: ஓடிப்போனதற்காக மரண தண்டனை பெற்றவர்களைச் சுடாமல், போர் முடியும் வரை ஃபுளோரிடாவுக்குத் தெற்கே கடலுக்கு நடுவில் இருக்கும் ட்ரை டோர்டுகாஸ் தீவுச் சிறைக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தீவின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

எல்லோரும் பிழைக்கவில்லை. போர் முடிவதற்குள் வடக்கு ராணுவம் 267 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. அதில் பாதிக்கு மேல் ஓடிப்போனவர்கள்.

மன்னிக்கப்படாத கேப்டன்

நத்தானியேல் கோர்டன், அடிமைக் கப்பல் கேப்டன். 1860 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே அவருடைய கப்பல் எரி பிடிபட்டபோது உள்ளே 897 ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். பாதிக்கும் மேல் சிறுவர், சிறுமியர். 1820-ம் வருடச் சட்டப்படி இது கடற்கொள்ளைக்குச் சமம், தூக்குத் தண்டனை. ஆனால் 40 வருடமாக ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. நடுவர்கள் விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் அதிபர் மன்னிப்பார். கோர்டனும் அதைத்தான் நம்பியிருந்தார்.

தீர்ப்பு வந்ததும் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் கருணை மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கோர்டனின் மனைவியும் தாயும் வாஷிங்டன் வரை வந்தார்கள். சின்னக் குழந்தை வேறு வீட்டில். சிப்பாய்களுக்கு இரங்க லிங்கன் தேடிய சாக்கு எல்லாமே இங்கே இருந்தன.

லிங்கன் மறுத்தார். 2 வாரம் தள்ளி மட்டும் வைத்தார். கட்டாயம் மன்னிப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறவன் சாவுக்குத் தயாராக அவகாசம் வேண்டும், மனிதர்களிடமிருந்து இனி மன்னிப்பை எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் அந்த உத்தரவின் சாரம். 1862 பிப்ரவரி 21-ம் தேதி நியூயார்க்கில் கோர்டன் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க வரலாற்றில் அடிமை வியாபாரத்துக்காகத் தூக்கில் போடப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

முந்தைய நாள் மாலை வெள்ளை மாளிகையில் லிங்கனின் மகன் வில்லி காய்ச்சலில் இறந்திருந்தான். வயது 11. துக்கத்தில் இருந்த மனிதர் மனம் மாறுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், நடக்கவில்லை.

அந்த 897 பேர் சார்பில் மனு கொடுக்க வாஷிங்டனில் யாரும் இல்லை. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது பாதிக்கப்பட்டவர் அறையில் இருக்கிறாரா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோர்டன் விஷயத்தில் லிங்கன் அதைப் பார்த்தார். எல்லா நேரமும் பார்த்தாரா?

39 பெயர்கள்

அதே 1862. மினசோட்டாவில் டகோட்டா பழங்குடி மக்கள் ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சின்னப் பட்டைக்குள் முடங்கியிருந்தார்கள். நிலத்துக்கான தவணைப் பணம் வரவில்லை. கடைக்காரர்கள் கடனுக்கு உணவு தரவில்லை. பசி. ஆகஸ்டில் சண்டை வெடித்தது. நூற்றுக்கணக்கான வெள்ளைக் குடியேறிகள் கொல்லப்பட்டார்கள், குடும்பம் குடும்பமாக. 6 வாரத்தில் ராணுவம் அடக்கியது.

அடுத்து ராணுவ விசாரணை. 392 பேர் நிறுத்தப்பட்டார்கள். வக்கீல் கிடையாது. நடந்த மொழியே பலருக்குப் புரியாது. ஒரே நாளில் 40 கேஸ் வரை முடிந்தது, சிலது 5 நிமிடத்தில். 303 பேருக்கு மரண தண்டனை.

ஜெனரல் போப் பெயர்ப் பட்டியலைத் தந்தியில் அனுப்பினார். அதிபர் சரி என்றால் உடனே தூக்கு. லிங்கன் முழு விசாரணை ஆவணங்களையும் அனுப்பச் சொன்னார். ஆளுநர், பத்திரிகைகள், மக்கள் எல்லோரும் ரத்தம் கேட்டார்கள். நீங்கள் தூக்கில் போடாவிட்டால் நாங்களே கொன்றுவிடுவோம் என்ற மிரட்டல் வெளிப்படையாகவே இருந்தது. எதிர்ப்பக்கத்தில் பிஷப் விப்பிள் மாதிரி சில குரல்கள் மட்டும். டகோட்டாக்களை இந்த நிலைக்குத் தள்ளிய ஊழலைப் பற்றி அவர் நேரில் வந்தே லிங்கனிடம் சொல்லியிருந்தார்.

இரண்டு வக்கீல்களை வைத்து 303 ஃபைலையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார் லிங்கன். முதலில் பெண்களைப் பலாத்காரம் செய்தவர்களை மட்டும் தூக்கிலிட நினைத்தார். அப்படி நிரூபணமானது 2 பேர்தான். பிறகு கோட்டைப் பிரித்து வரைந்தார். போர்க்களத்தில் சண்டை போட்டது வேறு, வீடு புகுந்து குடிமக்களைக் கொன்றது வேறு. இரண்டாவதில் சேர்ந்தவர்கள் மட்டும் தூக்குக்கு. டிசம்பர் 6-ம் தேதி தன் கைப்பட 39 பெயர்களை எழுதினார். டகோட்டா பெயர்கள் வெளியாட்கள் வாயில் நுழையாது, பல ஒரே மாதிரி ஒலிக்கும். ஆள் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் ஒலிப்படி எழுத்து எழுத்தாக எழுதினார். கடைசியில் இன்னும் ஒருவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது.

டிசம்பர் 26. மான்கேட்டோ ஊரில் ஒரே மேடையில் 38 பேர். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டுத் தூக்கு இதுதான். ஆள் மாறவும் செய்தது. சாஸ்கா என்று அழைக்கப்பட்ட ஒருவர், சாரா வேக்ஃபீல்டு என்ற வெள்ளைப் பெண்ணையும் அவர் குழந்தைகளையும் காப்பாற்றியவர், தூக்கு நிறுத்தப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தும் தூக்கில் தொங்கினார்.

மினசோட்டாவில் லிங்கன் கட்சிக்கு ஓட்டுக் குறைந்தது. நிறையப் பேரைத் தூக்கில் போட்டிருந்தால் கூடுதல் ஓட்டு கிடைத்திருக்கும் என்று ராம்ஸே (சண்டையின்போது ஆளுநராக இருந்தவர்) பின்னாளில் சொன்னாராம். ஓட்டுக்காக ஆளைத் தூக்கில் போட என்னால் முடியாது என்பது லிங்கனின் பதில்.

இதை எப்படிப் படிப்பது? 303-ஐ 38 ஆக்கியவர் என்று ஒரு பக்கம் கொண்டாடுகிறார்கள். 38 பேரைக் கொன்றவர் என்று டகோட்டா மக்கள் இன்றும் துக்கம் அனுசரிக்கிறார்கள். என் பார்வையில் இரண்டாவது பக்கத்தைச் சுலபமாகக் கடந்துவிட முடியாது. வடக்குச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் சுட்டுக்கொன்ற தெற்கு வீரர்கள் பிடிபட்டால் போர்க் கைதிகள். போர்க்களத்தில் சண்டை போட்ட டகோட்டாக்கள் பிடிபட்டால் குற்றவாளிகள். தூக்கிலிருந்து தப்பியவர்களும் சிறைக்குத்தான் போனார்கள், பலர் அங்கேயே இறந்தார்கள். மறு வருடம் டகோட்டா மக்களையே மினசோட்டாவை விட்டு விரட்டச் சட்டம் வந்தது. தவணைப் பணத்தில் கை வைத்தவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

தோற்றவர்களை என்ன செய்வது?

லிங்கனின் மன்னிப்புக்கு மிகப் பெரிய பரீட்சை தெற்கு மாநிலங்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த போர். தொடங்கியவர்கள் அவர்கள். அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கினார்கள்.

லிங்கனுக்கு அடிமை முறை மேல் வெறுப்பு. ஆனால் தெற்கத்தியர்களைத் தனி ராட்சச இனமாக அவர் பார்த்ததில்லை. 1854-லேயே பியோரியா நகரில் பேசும்போது, அவர்கள் நிலையில் நாம் பிறந்திருந்தால் நாமும் அவர்களைப் போலத்தான் இருந்திருப்போம் என்றார். 1865 மார்ச் 4-ம் தேதி இரண்டாவது முறை பதவியேற்றபோது எல்லோரும் வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்தார்கள். அவர் சுமார் 700 வார்த்தைகளில் முடித்த பேச்சில், அடிமை முறையின் பாவத்தில் வடக்குக்கும் பங்கு உண்டு, போர் இருவருக்கும் சேர்த்து வந்த தண்டனை என்ற தொனியில் பேசினார். யார் மேலும் வன்மம் இல்லாமல் காயங்களுக்குக் கட்டுப்போடுவோம் என்று முடித்தார்.

தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸை என்ன செய்வது? மார்ச் கடைசியில் ஒரு நீராவிப் படகில் தளபதிகளைச் சந்தித்தபோது ஜெனரல் ஷெர்மன் இதைக் கேட்டார். லிங்கன் நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கதை சொன்னார். குடிப்பதில்லை என்று சத்தியம் செய்த ஒருவர் நண்பர் வீட்டுக்குப் போனார். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். கொஞ்சம் பிராந்தி சேர்க்கட்டுமா என்று நண்பர் கேட்க, எனக்குத் தெரியாமல் சேர்த்தால் ஆட்சேபம் இல்லை என்றாராம் இவர். ஷெர்மனுக்குப் புரிந்துவிட்டது. டேவிஸ் நாட்டை விட்டு ஓடினால் அதிபர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஏப்ரல் 4-ம் தேதி, விழுந்த மறுநாளே, தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்குள் மகன் டாடின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விடுதலையான கறுப்பின மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். காலில் விழப் போனவர்களைத் தடுத்து, கடவுள் முன்னால் மட்டும் மண்டியிடுங்கள் என்றார். தோற்ற மக்களை எப்படி நடத்துவது என்று அங்கிருந்த ஜெனரல் கேட்டபோது, அதிகமாக அழுத்த வேண்டாம், மெதுவாக எழுந்திருக்க விடுங்கள் என்பதுபோல ஆலோசனை சொன்னார். ஏப்ரல் 9-ல் லீ சரணடைந்தபோது ஜெனரல் கிராண்ட் கொடுத்த நிபந்தனையும் இதே மனப்போக்கில்தான் இருந்தது. ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். உழவுக்குச் சொந்தக் குதிரையை எடுத்துப் போகலாம். பசியோடு இருந்தவர்களுக்கு 25,000 பேருக்கான உணவும் அனுப்பினார்.

ஏப்ரல் 14. தெற்கின் முக்கிய உளவு ஏஜென்ட் ஜேக்கப் தாம்சன் தப்பிப் போகிறார், கைது செய்யலாமா என்று ஸ்டான்டன் தரப்பிலிருந்து கேள்வி வந்தது. லிங்கன் வேண்டாம் என்றார். யானையின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், அது ஓடப் பார்க்கிறது, அப்போது விட்டுவிடுவதே உனக்கு நல்லது என்ற மாதிரி ஒரு விளக்கம். அன்று இரவு ஃபோர்டு தியேட்டரில் ஜான் வில்க்ஸ் பூத் அவரைச் சுட்டான். மறுநாள் காலை இறந்தார்.

இந்தத் தேதியை ஒட்டி ஒரு விசித்திரமான விவகாரம் உண்டு. பேட்ரிக் மர்ஃபி என்ற சிப்பாயின் மன்னிப்பு உத்தரவு 1998-ல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. தேதி 1865 ஏப்ரல் 14. லிங்கன் தியேட்டருக்குப் போகும் முன் கடைசியாகச் செய்த காரியங்களில் ஒன்று ஒரு உயிரைக் காப்பாற்றியது! பெரிய செய்தி ஆனது, கண்காட்சியில் வைத்தார்கள். 2011-ல் காப்பகமே குட்டை உடைத்தது. நிஜத் தேதி 1864. கண்டுபிடித்ததாகச் சொன்ன ஆய்வாளரே 4-ஐப் பேனாவால் 5 ஆக மாற்றியிருக்கிறார் என்றது. அவர் முதலில் ஒப்புக்கொண்டு பிறகு மறுத்தார். மன்னிப்பு மட்டும் உண்மை. சரியாக ஒரு வருடம் முன்னால், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில் போட்ட கையெழுத்து.

பில் யாருக்கு வந்தது?

லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனும் மன்னித்தார். தாராளமாகவே. 1865 மே மாதம் பொது மன்னிப்பு அறிவித்தார். அதில் விடுபட்ட பெரும் பணக்காரர்களுக்குத் தனித்தனியாக, ஆயிரக்கணக்கில். மன்னிப்போடு நிலமும் திரும்பப் போனது. அந்த நிலத்தில் கொஞ்சம், ஜெனரல் ஷெர்மனின் உத்தரவுப்படி விடுதலையான கறுப்பினக் குடும்பங்கள் ஏற்கெனவே விதைத்துக் குடியேறியிருந்த நிலம். அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். திரும்ப அதிகாரத்துக்கு வந்தவர்கள், கறுப்பின மக்களை வேலை ஒப்பந்தங்களில் கட்டிப்போடும் சட்டங்களை மாநிலம் மாநிலமாகப் போட்டார்கள்.

லிங்கன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பவர்கள் உண்டு. அவரும் 1863 டிசம்பரிலேயே பெருந்தன்மையான பொது மன்னிப்பு அறிவித்தவர்தானே என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு வித்தியாசம் தெளிவு: லிங்கனின் மன்னிப்பில் அடிமை விடுதலையை ஏற்பதாகச் சத்தியம் செய்வது நிபந்தனை, அடிமைகளைத் தவிர மற்ற சொத்துதான் திரும்பும். ஆனால் விடுதலையான 40 லட்சம் பேரிடம், உங்கள் பழைய எஜமானர்களை மன்னிக்கலாமா என்று இரண்டு அதிபர்களுமே கேட்கவில்லை. மன்னிக்கும் கையெழுத்து ஒருவருடையது, காயம் வேறொருவருடையது. லிங்கன் கதையில் என்னை உறுத்துவது இதுதான்.

ஜோசஃப் ஹோல்ட், லிங்கனோடு உட்கார்ந்து ஃபைல் பார்த்தவர், கொலைச் சதி வழக்கில் அரசுத் தரப்பை நடத்தினார். 1865 ஜூலை 7-ம் தேதி 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒருவர் விடுதி நடத்திய மேரி சுராட். விசாரித்த 9 ராணுவ அதிகாரிகளில் 5 பேர், இவரை மட்டும் ஆயுள் தண்டனையோடு விடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஹோல்ட் அந்தத் தாளை என்னிடம் காட்டவே இல்லை என்றார் ஜான்சன். காட்டினேன் என்றார் ஹோல்ட். இருவரும் பல வருடம் இதே சண்டை போட்டார்கள்.

இன்னொரு குற்றவாளி டாக்டர் சாமுவேல் மட். தப்பியோடிய பூத்தின் முறிந்த காலுக்குக் கட்டுப்போட்டவர். ஆயுள் தண்டனை பெற்று அவர் போன இடம் ட்ரை டோர்டுகாஸ், லிங்கனால் சாவிலிருந்து தப்பிய சிப்பாய்களை அனுப்பிய அதே தீவு. 1867-ல் அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியது. சிறையின் ராணுவ மருத்துவரே இறந்துபோனார். மட் பொறுப்பேற்று, கைதிகள், காவலர்கள் என்று பார்க்காமல் வைத்தியம் செய்தார், அவருக்கும் காய்ச்சல் வந்தது. பிழைத்த சிப்பாய்கள், லிங்கனைச் சுட்டவனுக்கு உதவியவர் என்று தண்டிக்கப்பட்ட இந்த மனிதருக்காகக் கருணை மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1869 பிப்ரவரியில் ஜான்சன் மன்னித்தார். அடுத்த மாதம் மட் விடுதலையாகி, மேரிலாந்துப் பண்ணைக்குத் திரும்பிப் போனார்.